கரண்டுக்கு ‘ஐ’ என்று பேர் வைத்த கதை

மறுநாள் காலை ப்ராஜெக்ட் ரிவ்யூ. முந்தின ராத்திரி 11 மணிக்கு எங்கள் சி ப்ரோக்ராம் கம்பைல் ஆக மறுத்தது. அதுவும் ஒரு மாதமாக யாரும் தொடாத வரியில். ஏசி சர்க்யூட்டில் ஓடும் கரண்டைக் கணக்கிடும் சின்ன ப்ரோக்ராம்தான். பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே கரண்டுக்கு கேபிடல் ‘ஐ’ என்று வேரியபிள் வைத்திருந்தேன்.

ஃபைலைக் கடைசியாகத் தொட்டவன் என் பார்ட்னர். போன் போட்டு, “என்னடா பண்ணித் தொலைச்ச?” என்று கத்திவிட்டேன்.

“ஒரே ஒரு ஹெடர்தான்டா சேர்த்தேன், காம்ப்ளெக்ஸ் டாட் ஹெச். ஃபேஸ் கணக்குக்கு வேணும்னு நீதானே சொன்ன?”

நான் நம்பவில்லை. அவன் போனை வைத்துவிட்டான்.

எர்ரரில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்று ஒரு வார்த்தை. அதை நாங்கள் எழுதவே இல்லை. கடைசியில் ஜிசிசியை ‘மைனஸ் ஈ’ போட்டு ஓட்டி, ப்ரீப்ராசஸர் கைவைத்த பிறகு கோட் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். என் ‘ஐ’ இருந்த இடத்தில் அந்த எக்ஸ்டென்ஷனும் 1.0 என்று ஒரு எண்ணும் உட்கார்ந்திருந்தன. 1999-ல் வந்த சி99-ன்படி அந்த ஹெடரில் கேபிடல் ‘ஐ’ ஒரு மேக்ரோ. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம்!

ஃபங்ஷன் பேராக இருந்திருந்தால் லோக்கலில் அதே பேரை வைத்து மறைத்துவிடலாம். மேக்ரோவிடம் அந்தப் பாச்சா பலிக்காது. கம்பைலர் பார்ப்பதற்கு முன்பே மாற்றி முடித்துவிடும். லோக்கலா, ஸ்ட்ரக்ட் மெம்பரா என்றெல்லாம் கேட்காது.

தீர்வு ஒரே வரி: ஹெடருக்குக் கீழே ‘ஹாஷ் அன்டெஃப் ஐ’. எல்லா மேக்ரோவையும் இப்படித் தூக்க முடியாது. எர்நோவைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்டாண்டர்டில் உத்தரவாதமே கிடையாது. ‘ஐ’க்கு வெளிப்படையாகவே அனுமதி தந்திருக்கிறார்கள். கற்பனை எண் வேண்டிய இடத்தில் ‘அண்டர்ஸ்கோர் காம்ப்ளெக்ஸ் அண்டர்ஸ்கோர் ஐ’ என்ற நீளப் பேரைப் போட்டேன்.

நம்ம எலெக்ட்ரிகல் மக்கள் கரண்டோடு குழம்பக் கூடாது என்றுதானே கற்பனை எண்ணுக்கு ‘ஜே’ போடுகிறோம்? ‘ஜே’ என்றே சொந்தமாக ஒரு மேக்ரோ எழுதலாமே என்று ஆசை வந்தது. நல்லவேளை, கீழே இருந்த ஃபார் லூப் கண்ணில் பட்டது. அங்கே கவுண்டர் பேரே ‘ஜே’.

1 மணிக்கு அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. “ஸாரிடா, உன் மேல தப்பில்ல. பேர் வெச்சவன் நான்” என்று மெசேஜ் அனுப்பினேன்.

காலையில் லேப் வாசலில் நின்றிருந்தான். “ஓடுதா?” என்று மட்டும் கேட்டான்.