சொந்தக்காரரிடம் ஆர்டர் எழுதலாமா?

கொத்தமங்கலத்தில் என் தங்கை மகன் பலகாரம் போட்டு விற்கிறான். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை என்று தீபாவளி சமயத்தில் அடுப்பு அணையாது. எண்ணெய் வாங்குவது காரைக்குடியில் தூரத்து உறவினர் ஒருவரின் மொத்தக் கடையில். "அண்ணே, வழக்கம்போல பத்து டின் போட்டு விடுங்க" என்று போனில் சொல்வான். கொள்முதல் அத்தோடு முடிந்தது.

போன ஐப்பசியில் கணக்கு உதைத்தது. மாவு அதே அளவுதான், எண்ணெய் மட்டும் சீக்கிரம் தீர்ந்தது. டின்னைத் திருப்பிப் பார்த்தால் 15 லிட்டர் என்று அச்சடித்திருந்தது. முன்பெல்லாம் வந்தது 15 கிலோ டின். கடலை எண்ணெய் லிட்டருக்கு 910 கிராம் அளவில்தான் நிற்கும். பத்து டின்னில் பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைவு. விலையும் கொஞ்சம் இறங்கியிருந்தது, இவன் அதை உறவுக்காரச் சலுகை என்று நினைத்துக்கொண்டிருந்தான்! கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. பேசியது பத்து டின், வந்ததும் பத்து டின்.

"இனிமேல் பர்ச்சேஸ் ஆர்டர் எழுதி அனுப்பு" என்றேன்.

"தப்பா நெனச்சுக்கிட மாட்டாகளா அம்மான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கல்யாணங்களில் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதாமல் இருப்பதுண்டா? சம்பந்தியாகப் போகிறவர்களே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். மொய்யும் ஏட்டில் ஏறிவிடும். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தவர்கள் பேரேடும் ஐந்தொகையுமாக வாழ்ந்தவர்கள், பெட்டியடிப் பையனுக்குக்கூட முதல் பாடம் கணக்கெழுத்துதான். அந்த ஊரில் எண்ணெய்க்கு மட்டும் எழுதக் கூச்சமாம்.

வாலிபத்தில் நான் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கிளார்க். லாரி வந்தால் வாட்ச்மேன் முதலில் ஆர்டர் நம்பர் கேட்பார். நம்பர் இல்லாத சரக்கு கேட்டைத் தாண்டாது. வெள்ளைத்தாள் சப்ளையருக்கு, ரோஸ் ஸ்டோருக்கு, மஞ்சள் அக்கவுண்ட்ஸுக்கு. ஆர்டரும் சரக்கு வரவுச் சீட்டும் பில்லும் ஒத்துப்போனால்தான் பணம். இதையெல்லாம் கறாராகப் பார்த்த மேனேஜருக்கு இளவட்டங்கள் நாங்கள் 'காகிதப் பைத்தியம்' என்று பேர் வைத்திருந்தோம்.

அவர் மாறிப்போய்ப் புதியவர் வந்தார். மரப்பெட்டி அடித்துக் கொடுக்கும் ஆசாரி ஒருவரின் பில்லைப் பார்த்து, "இந்த விலையை யார் ஒத்துக்கொண்டது?" என்று தூக்கிப் போட்டார். ஆசாரி வாதாடவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜையில் விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, வியர்வையில் பழுத்த தாள். பெட்டியின் நீள அகலம், பலகைக் கனம், ஒன்றின் விலை, கொடுக்க வேண்டிய தேதி, அடியில் பழைய மேனேஜரின் கையெழுத்து. புதியவர் இரண்டு தரம் படித்துவிட்டுப் பில்லில் கையெழுத்துப் போட்டார். ஆசாரிக்குத் தன் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பட்டப்பெயர் அப்புறம் எங்கள் வாயில் வரவில்லை.

ஆர்டர் என்றால் வாங்குகிறவனுக்குக் காவல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அதிகம் தேவைப்படுவது சின்ன சப்ளையருக்கு. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், 1872-ஆம் வருஷத்துச் சட்டம் அதை மறுக்கவில்லை. ஆனால் பேசியதை நிரூபிப்பது யார்? பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு 2006-ஆம் வருஷத்துச் சட்டம் பணம் வந்து சேரக் கெடுவே வைத்திருக்கிறது. எழுத்தில் கெடு இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, எழுத்து இல்லையென்றால் 15 நாள். சட்டம் அப்படி; நடப்பில், சரக்கு போன தேதிக்கே சண்டை வரும்.

தங்கை மகன் ஒருவழியாக எழுதி எண்ணெய்க் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்: கடலை எண்ணெய், 15 கிலோ டின், பத்து, விலை, வர வேண்டிய தேதி, இறக்குகூலி கடையுடையது. கால் மணியில் போன் வந்தது. "தம்பி, மத்ததெல்லாம் சரி, இறக்குகூலி நம்ம பேச்சுல இல்லையே?" கோபமில்லை, பேரம்தான். பாதிப் பாதி என்று முடிந்து, வண்டி அதற்குப் பிறகு கிளம்பியது.

இவனிடம் பலகாரம் வாங்கும் மதுரைக் கடைக்காரர் மட்டும் இன்னும் போனில்தான் சொல்கிறார், பணமும் இழுக்கிறது. அவரிடம் ஆர்டர் கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் போகிறானாம், நானும் கூடப் போகலாமென்று இருக்கிறேன்.