ஏத்தியாச்சு, போய்ச் சாப்பிடு

கிட்டில் புஷ் செய்ததும் திரையில் "ரிமோட்:" என்று தொடங்கும் வரிகள் ஓடினால் இன்றைக்கும் கண் அங்கே போய் நின்றுவிடுகிறது. எதிர்முனையில் சர்வர் திருப்பிப் பேசுகிறது என்று முதலில் தோன்றியது அவற்றைப் பார்த்துத்தான்.

அதற்கு முன்பெல்லாம் எஃப்டிபி. ஃபைல்ஸில்லாவில் இடப்பக்கம் நம் மெஷின், வலப்பக்கம் சர்வர். இழுத்துப் போட்டால் முடிந்தது. பாதிக் கோப்பு விட்டுப்போனாலும் கேட்க ஆளில்லை. இண்டெக்ஸ் பழசு, இண்டெக்ஸ் புதுசு, இண்டெக்ஸ் கடைசி என்று குவிந்து கிடக்கும். இவற்றில் நிஜமான கடைசி எது என்பது சீனியர் அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும்.

கிட்டில் ஹூக் என்று ஒன்று உண்டு என்று காட்டியதும் அவர்தான். கிட் பிறந்தது 2005 ஏப்ரலில்; அதுவரை பயன்பட்ட பிட்கீப்பர் இலவசமாகக் கிடைப்பது நின்றுபோக, லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. எங்கள் மாதிரி வெப்சைட் ஏற்றுகிறவர்கள் கைக்கு வர வருஷங்கள் ஆயின. சர்வரில் வரலாறு மட்டும் இருக்கும் ஒரு 'பேர்' ரெப்போ, அதன் ஹூக்ஸ் ஃபோல்டரில் போஸ்ட்-ரிசீவ் என்ற சின்ன ஸ்கிரிப்ட். புஷ் வந்து சேர்ந்ததும் பழைய கமிட், புதிய கமிட், பிராஞ்ச் பெயர் மூன்றும் அதற்கு ஒரே வரியில் கிடைக்கும். மாஸ்டர் என்றால் நிஜத் தளத்தின் ஃபோல்டரில் செக்-அவுட், ஸ்டேஜிங் என்றால் சோதனைத் தளத்தில். "பிராஞ்ச் பேரப் பாத்துத்தான்டா கதவு தெறக்கும், ஆளப் பாத்து இல்ல" என்பார்.

ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி கொடுக்க மறந்தால், அந்தக் காலத்து கிட் ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போய்விடும். இன்னொரு வம்பும் உண்டு. ஹூக்குக்குள்ளிருந்து தளத்தின் ஃபோல்டருக்குப் போய் கிட் புல் அடித்தால், இது ரெப்போவே இல்லை என்று அடம்பிடிக்கும். காரணம், கிட்-டிர் என்ற மாறியில் கிட்டே ஒரு புள்ளியை வைத்திருக்கும். அதை அன்செட் செய்த பிறகுதான் வழிக்கு வரும். எத்தனையோ பேரின் ராத்திரியைத் தின்ற புள்ளி அது.

ஸ்கிரிப்டில் எக்கோ செய்வதெல்லாம்தான் "ரிமோட்:" என்ற தலைப்போடு நம் திரைக்கு வருகிறது. அண்ணன் எழுதியிருந்த வரி: "ஏத்தியாச்சு, போய்ச் சாப்பிடு."

போஸ்ட்-ரிசீவால் எதையும் தடுக்க முடியாது. அது ஓடும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். தடுக்கிற அதிகாரம் ப்ரீ-ரிசீவுக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மாஸ்டருக்கு எது வந்தாலும் திருப்பி அனுப்பும்படி அதில் எழுதிவைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய புஷ்ஷே திரும்பி வந்தது. சர்வர் பாஸ்வேர்ட் அவரிடம்தான் இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுத் தாம்பரம் வண்டியைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.