சபூரும் சொல்லும்

பத்தாவது வாரத்தில் என் கரு கலைந்தது. மருத்துவமனையில் மாத்திரை தந்தார்கள். எல்லாம் வெளியேறிவிட்டதென்று எண்ணி வீடு திரும்பினேன். ஆறுதல் கூற வந்தவர்களெல்லாம், “சபூர் செய்” என்றார்கள்.

இரண்டு வாரத்தில் நின்றிருக்க வேண்டிய உதிரப்போக்கு, மூன்றாம் வாரத்திலும் நிற்கவில்லை. இதையும் பொறுப்பதே சபூர் என்று கருதினேன். என் உடல் மறுமுறையும் தோற்றுவிட்டதே என்ற நாணமும் வாயை அடைத்தது.

காய்ச்சல் கண்ட இரவில் மாமி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். “மறைக்காமல் சொல்லு, மகளே” என்றார்கள். சொன்னேன்.

கருப்பையில் திசு எஞ்சியிருப்பதை ஸ்கேன் காட்டியது, நோய்த்தொற்றும் ஏற்பட்டிருந்தது. நரம்பு வழியே மருந்து ஏற்றி, எஞ்சியதை உறிஞ்சி எடுத்தார்கள். “மாத்திரைக்குப் பிறகும் சிலருக்கு இப்படி எஞ்சுவதுண்டு, உங்கள் பிழையன்று” என்றார் மருத்துவர். தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம் என்றும் விளக்கினார்.

அன்றிரவு மாமி, மூத்த பிள்ளைக்கு முன்னர் தமக்கும் ஒன்று கலைந்ததைச் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகளாக எவரிடமும் சொன்னதில்லையாம்.

சகோதரிகளே! காய்ச்சலோ, துர்நாற்றமோ, ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனையும் போக்கோ கண்டால் உடனே மருத்துவரை நாடுங்கள். சபூர் என்பது இறைவனின் நாட்டத்தை ஏற்பது, நோயை மறைப்பதன்று.