துரொம்சோ மலையில் ஒரு பனி ஓட்டம்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீசாலையில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "இண்டைக்கு மலையிலை ஓடினனான் அம்மா" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு அம்மா கேட்டார்: "ஏன் பிள்ளை, ஆர் கலைச்சது?"

நான் சிரித்துவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில், எங்கள் காலத்தில் வளர்ந்த பெண்ணுக்கு ஓட்டம் என்றால் வேறு என்ன? பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர் ஓடியதோடு சரி. அதன் பிறகு ஓடியதெல்லாம் விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடியதுதான்.

நான் வாழ்வது நோர்வேயின் வடக்கே, துரொம்சோ என்னும் நகரில். பூமத்திய ரேகையிலிருந்து 69 பாகைக்கும் மேலே. நகரத்தின் பெரும்பகுதி ஒரு தீவில் இருக்கிறது. சுற்றிவரக் கடல், கடலுக்கு அப்பால் எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதிவரை அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. வந்த பிறகும் மலைகள் மறைத்துக்கொண்டு நிற்பதால் நகரத்தவர்கள் சூரியனைக் காண ஜனவரி 21 அளவில் ஆகிவிடும். அன்றைக்கு ஜாம் வைத்துப் பொரித்த பணிஸ் வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடுவார்கள். அதுவரை நண்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் ஒன்று வந்து போகும். மற்ற நேரமெல்லாம் இருட்டு.

குளிர் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. இளஞ்சூடான கடல் நீரோட்டம் கரையோரமாக வருவதால் ஜனவரியிலும் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நாலைந்து பாகைதான். பனிதான் அளவுக்கு மிஞ்சிக் கொட்டும். 1997 ஏப்ரல் 29 அன்று இங்கே 240 சென்ரிமீற்றர் பனி கிடந்ததாக அளந்திருக்கிறார்கள். நான் நோர்வேக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம்.

எண்பதுகளிலிருந்தே எங்கள் ஆட்கள் பலர் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். என் கணவரும் அப்படி வந்தவர்தான். நானும் வந்த புதிதில் அங்கே மீன் வெட்டினேன். பின்னர் துரொம்சோவுக்கு மாறி, இப்போது வயோதிபரைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் நோர்வேப் பெண் ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஒருநாள் கேட்டாள்: "உனக்கு இருட்டுக் காலத்தில் மனம் சோர்ந்துபோகிறதே, என்னோடு ஓட வருகிறாயா?"

முதல் நாள் ஓட்டம் இருநூறு மீற்றரில் முடிந்தது. களைப்பினால் அல்ல. அவள் எனக்குப் பின்னால் ஓடிவந்தாள். இருட்டில், முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தமும் மூச்சுச் சத்தமும். என் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது எனக்கு 19 வயது. மழை, சேறு, சைக்கிள்கள், கையில் குழந்தைகள். நாவற்குழிப் பாலத்தடியில் ஓட மனம் அடித்துக்கொண்டது, ஓடத்தான் இடமில்லை. பின்னால் ஆயிரமாயிரம் மூச்சுகள். அது தெரிந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அவளுக்கு அரைகுறையாகச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து முன்னாலோ பக்கத்திலோதான் ஓடுவாள். இன்றுவரை அப்படித்தான்.

பனியில் ஓடுவதற்குச் சில பழக்கங்கள் உண்டு. சப்பாத்துக்கு மேலே, ரப்பர் பட்டியில் கோத்த இரும்பு முட்களை இழுத்து மாட்டவேண்டும். இல்லாவிட்டால் ஐஸில் வழுக்கி இடுப்பு முறியும். எட்டுச் சிறிதாக வைத்து, பாதம் முழுவதும் பதிய ஓடவேண்டும். நாங்கள் பருத்தித் துணிதான் உடம்புக்கு நல்லது என்று வளர்ந்தவர்கள். இங்கே பருத்திதான் எதிரி. வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், நின்ற உடனே உடம்பு விறைத்துப்போகும். தோலோடு ஒட்டிக் கம்பளிச் சட்டை போடவேண்டும். புறப்படும்போது கொஞ்சம் குளிரவேண்டும். வீட்டு வாசலிலேயே சூடாக இருந்தால் போட்டது கூடிப்போயிற்று என்று அர்த்தம். தலையில் கட்டும் ரோச் லைற்றின் பற்றரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் மேலதிகப் பற்றரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வோம். இருபது நிமிடத்தில் மூச்சுக்காற்று உறைந்து இமையும் முன்மயிரும் வெள்ளையாகிவிடும். கண்ணாடி பார்த்தால் என் அம்மம்மா தெரிவார். இன்னொன்று, பனிச்சறுக்கலுக்கென்று இயந்திரத்தால் நேராக்கிய தடத்தில் கால் வைக்கக்கூடாது. நான் தெரியாமல் வைத்து ஒரு கிழவரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

2023 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை புளோயா மலை உச்சிக்குப் போவதென்று தீர்மானித்தோம். உயரம் 671 மீற்றர். நகரத்திலிருந்து பாலம் கடந்தால் மலையடிவாரம். அங்கிருந்து 421 மீற்றர் உயரம்வரை கேபிள் கார் போகிறது. அதன் பக்கமாக 1203 கற்படிகளும் உண்டு. அந்தப் படிகளைக் கட்டியவர்கள் நேபாளத்து ஷெர்பாக்கள். எங்களைப்போலத் தூரத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அடுக்கிய கல்லில் ஏறுகிறோம் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். பனிக்காலத்தில் படி தெரியாது, இறுகிய பனிச்சரிவுதான் தெரியும். ஓட்டம் என்று சொல்கிறேனே தவிர, ஏற்றத்தில் முழங்காலில் கையூன்றி நடப்பதுதான். எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

புறப்படுமுன் பனிச்சரிவு அபாய அறிவித்தலைப் பார்த்தோம். அபாயத்தை ஐந்து படிகளாகச் சொல்வார்கள், அன்றைக்கு இரண்டு. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் கிடக்கும் பனிதான் பெரும்பாலும் பெயர்ந்து விழும் என்பதால் அப்படியான இடங்களை விலக்கிப் போகவேண்டும்.

மேலே மலை முதுகு தட்டையாக விரிந்தது. அங்கேதான் உண்மையில் ஓடினேன். நீல வெளிச்சம், காலடியில் பனி நெறுநெறுக்கும் சத்தம், கீழே நகரத்து விளக்குகள். ஒருவரும் கலைக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இதை எழுத.

அரை மணி நேரத்துக்குள் காற்று எழும்பியது. தரைப் பனி கிளம்பிப் பறந்து வானம் எது, நிலம் எது என்று தெரியாமல் போயிற்று. முன்னால் போனவளின் ரோச் வெளிச்சம்கூட மங்கியது. அவள் நின்றாள். "திரும்புவோம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "கிட்ட வந்துவிட்டோம்" என்றேன். உச்சியைக் காணாமல் இறங்க மனம் ஒப்பவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை. நோர்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. 1967 உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்த பிறகு அவை நாடெங்கும் பரப்பப்பட்டன. 2016இல் திருத்தி எழுதினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த எட்டாவது விதியைத்தான் அவள் சொன்னாள்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை.

முன்னர் பலதடவை கேட்ட விதிதான். அன்றைக்குத்தான் அது என்னிடம் சொல்லப்பட்டதாகத் தோன்றியது. 1995இல் எங்களுக்குத் திரும்பும் வழி இருக்கவில்லை. 1996இல் எங்கள் வீட்டார் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை. பிறகு நாட்டைவிட்டு வந்தேன். திரும்புவது என்றாலே தோற்றுப்போவது, அல்லது இல்லாத ஒன்றுக்குத் திரும்புவது என்று என் உடம்பு படித்து வைத்திருந்தது போலும். அதை அந்தக் காற்றில் நின்று யோசித்தேன் என்று சொன்னால் பொய். அங்கே நான் யோசித்தது விரல் விறைத்ததைப் பற்றி மட்டுந்தான்.

கேபிள் கார் நிலையத்துக்கு வந்தபோது காற்றுக்காக அதையும் நிறுத்தியிருந்தார்கள். படிச்சரிவால் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்கினோம். ஏற ஐம்பது நிமிடம், இறங்க ஒன்றேகால் மணி நேரம். பஸ் தரிப்பிடத்தில் அவள் பிளாஸ்கைத் திறந்தாள். நான் போட்டுக் கொடுத்த இஞ்சிக் கோப்பிதான், அவளுக்கு அதில் பைத்தியம்.

அன்றிரவு அம்மாவிடம், "பாதியிலை திரும்பீட்டம்" என்றேன்.

"நல்ல வேலை செய்தியள்," என்றார் அம்மா. "கால் நனைஞ்சதோ? எண்ணெய் பூசிக்கொண்டு படு."

பெப்ரவரியில் காற்றில்லாத ஒரு நாளில் மறுபடி போனோம். அன்றைக்குச் சூரியன் இருந்தது. உச்சியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் முழு நகரமும் கடலும், மற்றப் பக்கம் 1238 மீற்றர் உயரமான துரொம்ஸ்டால்ஸ்டின்டன் சிகரம். இறங்கும் வழியில், முதல் தடவை நாங்கள் நின்று திரும்பிய இடம் எது என்று தேடினோம். இதுதான் என்று நான் ஒன்றைக் காட்டினேன். அவள் வேறொன்றைக் காட்டினாள்.