முன்தண்டில் எண்ணெய்க் கசிவு

மண்பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சினே உயிர் என்று நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டுகளில் எண்ணெய் கசிந்தாலோ, நிறுத்த வேண்டிய இடத்தில் வண்டி நில்லாது. தண்டின் வழியே இறங்கும் எண்ணெய் பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் படிந்துவிடுமானால், மேட்டிலிருந்து இறங்குகையில் பிரேக் வழுக்கும். விடியற்காலையில் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செம்பனைக் காட்டைக் கடந்து பெருஞ்சாலைக்குச் செல்லும் தோழர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்!

குழாய்க்குள் குழாய் நுழைந்து ஏறியிறங்கும் தண்டில் எண்ணெயை நிரப்பி அதிர்ச்சியை அடக்கும் முறையை 1935-ம் ஆண்டிலேயே ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கம்பெனியார் தம் வண்டிகளிற் கையாண்டனர். உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கின்றன. எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருங்கிச் செல்வதால் வில்லின் துள்ளல் தணிகிறது. அவ்வெண்ணெயை வெளியே விடாமற் காப்பது ரப்பர் வளையம் ஒன்றே. ஆயில் சீல் என்பது அதுதான்.

சீல் கசிந்தவுடன் புதிது வாங்க ஓடவேண்டுவதில்லை. தண்டில் ஒட்டி உலர்ந்த செம்மண், வண்டி குதிக்குந்தோறும் சீலின் உதட்டுக்கடியிற் புகுந்து இடைவெளி உண்டாக்குகிறது. பல வேளைகளிற் குற்றம் இவ்வளவே. மேலுள்ள தூசி மறைப்பை மெல்ல நெம்பி நகர்த்தி, பழைய போட்டோ நெகட்டிவ் துண்டொன்றை உதட்டுக்கடியிற் செலுத்திச் சுற்றிவர இழுத்தால் மண் வெளிவந்துவிடும். பின்னர்த் தண்டைத் துடைத்து, முன்பிரேக்கைப் பிடித்தவாறு பத்துமுறை அமுக்கிப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் வளையம் தோன்றாவிடில் காரியம் முடிந்தது.

தோன்றினால், நகத்தால் தண்டைத் தடவுக. கல் பட்ட வடு நகத்தில் இடறும். அதை மிக நுண்ணிய எமெரித் தாளால் எண்ணெயிட்டு மழுக்காமற் புது சீல் போடுவது வீண்செலவு. பட்டணத்துக் கடையொன்றில் என் வண்டிக்கு அப்படித்தான் செய்தார்கள். ஒரு மாதத்திற்குள் மறுபடியும் கசிந்தது, மறுபடியும் காசு கேட்டார்கள். அதன் பிறகே நான் ஸ்பானரைக் கையில் எடுத்தேன்.

கிராணிக்கு இவ்வேலை எதற்கு என்று நண்பர் சிலர் நகைப்பதுண்டு. ஆங்கிலம் படித்தவன் கையில் கிரீஸ் படலாகாதென்று எந்தப் பள்ளியிலும் எனக்குக் கற்பிக்கவில்லை. அப்படிப்பால் விளைந்த பயன்களில் வண்டியின் கைப்புத்தகத்தைப் படிக்க முடிவதும் ஒன்று. பட்டறைத் தோழர்கள் அதைப் படித்துச் சொல்லக் கேட்கும்போது மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

நிற்க. தண்டைக் கழற்றுமுன் மேல்மூடியைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். கழற்றிய பின் அதைத் திருகுவது பெரும்பாடு. புது சீலை நுழைக்குமுன் தண்டின் முனையிற் பிளாஸ்டிக் பையைச் சுற்றி எண்ணெய் தடவினால், கூரான விளிம்பு உதட்டைக் கிழிக்காது. இரு தண்டுகளுக்கும் சேர்த்தே மாற்றுதல் நலம். எண்ணெயின் தரமும் அளவும் கைப்புத்தகம் கூறுகிறபடியே இருக்கவேண்டும். கூடுதலாக ஊற்றினால் மேலே காற்றுக்கு இடமின்றி அழுத்தம் ஏறி, புது சீலும் கசியும். குறைந்தால் பள்ளந்தோறும் தண்டு அடிமுட்டும்.

எண்ணெய் குடித்த பிரேக் பேடைத் தீயிற் காட்டி மீண்டும் பொருத்துவோர் உண்டு. நான் அதற்கு உடன்படுவதில்லை. டிஸ்க்கைத் துடைத்துச் சுத்தம் செய்யலாம், பேடைப் புதிதாகத்தான் போடவேண்டும். சென்ற மாதம் குலை வெட்டும் தோழர் ஒருவரின் வண்டியில் சீலை மாற்றிய பின், பேடுக்குச் சம்பள நாள்வரை பொறுக்கலாமே என்றார். அவர் மகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்வது அவ்வண்டியில்தான். "அதுவரை என் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, நான் ஆபீசுக்கு நடந்தே போனேன்.