காட்டுக்குள் ஓடிய மரவண்டி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். அருவி, எண்ணெய்க் குளியல், புரோட்டா, பிறகு ஊர் திரும்ப பஸ். தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் குற்றாலத்தில் இருக்கிறது என்று சொன்னால், "அங்கே என்ன சார் இருக்கு?" என்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தென்காசி வழியாகப் போகும் பாலருவி எக்ஸ்பிரஸ், கேரளத்தில் சாலக்குடியைத் தாண்டித்தான் பாலக்காடு போகிறது. அந்தச் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காடு வரை, ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை இருந்தது. கொச்சி சமஸ்தானம் 1907-இல் தொடங்கிய டிராம்வே அது. வேலை ஒன்றே ஒன்றுதான்: தேக்கையும் ஈட்டியையும் மலையிலிருந்து இறக்குவது. சாலக்குடியில் பெரிய ரயிலுக்கு மாற்றினால் மரம் கொச்சித் துறைமுகம் போய்ச் சேரும்.

இன்ஜின்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கொப்பல் கம்பெனியிலிருந்து வந்தவை. செங்குத்தான சரிவுகளில் இன்ஜின் ஏறாது. அங்கே கம்பிவடமும் பிரேக் உருளையும் வைத்திருந்தார்கள். மரப்பாரத்தோடு இறங்கும் வண்டி, தன் எடையாலேயே காலி வண்டியை மேலே இழுத்துவிடும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டினால் ஒன்று இறங்க ஒன்று ஏறுமே, அதே கணக்கு.

அது மீட்டர் கேஜ் பாதை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயரே சொந்தக்காரர் மாதிரி. மீட்டர் பிரெஞ்சுக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த அளவு. செங்கோட்டை - புனலூர் பாதையும் 2010 வரை மீட்டர் கேஜ்தான். அகலப்பாதையாக 2018-இல் முழுதும் திறந்தபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. பழைய சிறு பெட்டிகளை யாரும் நினைக்கவில்லை.

சாலக்குடி டிராம்வேயை 1963-இல் மூடிவிட்டார்கள். அன்று இருபது வயதில் அதில் வேலை பார்த்தவர் இன்று இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். என் அவசரம் இதுதான். தண்டவாளத் துண்டும் உருளையும் இன்னும் கொஞ்ச காலம் துருப்பிடித்துக் கிடக்கும். மனிதர் நினைவு அப்படிக் கிடக்காது.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். சில கோப்புகளை நிரந்தரமாக வைப்போம், மற்றவற்றைக் கெடு முடிந்ததும் அழிப்போம். எதை வைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்யாவிட்டால், கரையான் முடிவு செய்துவிடும். அருங்காட்சியகம் என்பது "இது நிரந்தரம்" என்று ஊரே சேர்ந்து கோப்பின் மேல் எழுதுவது.

"காட்டை வெட்டியதற்கு எதற்கு நினைவுச் சின்னம்?" என்று என் பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. வெட்டியதையும் சொல்லத்தான் வேண்டும். மரம் இழுத்த யானையும், அந்த மலையிலேயே வாழ்ந்த காடர், மலசர் மக்களும் அந்தக் கதையில் வரவேண்டும். பக்கத்து டாப்சிலிப்பில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. வெட்டி மொட்டையான ஆனைமலையில் மறுபடி தேக்கு வளர்த்தவர் அவர். வெட்டியதைச் சொல்லாமல் அவர் நட்டதன் அருமை எப்படிப் புரியும்?

கோவையில் 1902-லிருந்து காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. நிலம்பூரில் தேக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. இவற்றுக்கு நாம் லட்சம் லட்சமாகக் கொடுக்க வேண்டியதில்லை. போய் டிக்கெட் வாங்கிப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் நாலு வரி எழுதுங்கள். ஆள் வராத இடத்துக்கு எந்த அரசும் பணம் ஒதுக்காது, இது நான் ஆபீசில் பார்த்தது. வீட்டில் ரயில்வேயிலோ வனத்துறையிலோ வேலை பார்த்த பெரியவர் இருந்தால், செல்போனை முன்னால் வைத்துப் பேசச் சொல்லுங்கள். பழைய போட்டோ இருந்தால் பின்பக்கம் பெயரும் ஆண்டும் பென்சிலால் குறித்து வையுங்கள். பெயர் இல்லாத போட்டோ அடுத்த தலைமுறைக்கு வெறும் அட்டைதான்.

இந்தச் சீசனுக்கு என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். முதலில் அருங்காட்சியகம், அப்புறம்தான் அருவி.