முகவரி இங்கே, முடிவு எங்கேயோ

மாலை ஐந்தரை மணி. கொல்கத்தாவின் பி.பி.டி. பாக் பகுதி அலுவலகங்களிலிருந்து ஊழியர்கள் சாரிசாரியாக வெளியேறுகிறார்கள். ஹௌரா பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்திலும் மண்குவளையில் ஒரு டீ குடிக்க நேரமிருக்கிறது. சற்றுத் தள்ளி நேதாஜி சுபாஷ் சாலை. வெள்ளைக்காரன் காலத்தில் அதன் பெயர் கிளைவ் தெரு. நூறு வயதைத் தாண்டிய கட்டடங்களின் வெடிப்புகளில் அரசங்கன்றுகள் முளைத்திருக்கின்றன. நாட்டின் சணல், தேயிலை, நிலக்கரி வியாபாரத்தின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் ஆட்டிவைத்தது இந்த வட்டாரம்தான்.

1911இல் தலைநகர் அந்தஸ்து டில்லிக்குப் போனது. ஆனால் கம்பெனிகள் போகவில்லை. பேர்ட், ஆண்ட்ரூ யூல், மார்ட்டின் பர்ன் போன்ற மேனேஜிங் ஏஜென்சிகள் டஜன் கணக்கான கம்பெனிகளை இங்கிருந்தே நிர்வகித்தன. சுருக்கெழுத்தும் டைப்ரைட்டிங்கும் கற்ற தமிழ் இளைஞர்கள் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தது இந்த அலுவலகங்களை நம்பித்தான். தெற்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறி, காபிப்பொடியையும் வாழை இலையையும் அங்கே தேடிய வாடிக்கையாளர்களாக மாறினார்கள்.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. 1950களில் மத்திய அரசு கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையால், இரும்பும் எஃகும் நாடு முழுவதும் ஒரே விலைக்குக் கிடைத்தன. சுரங்கங்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்குப் பகுதிக்கு இருந்த அனுகூலம் போயிற்று. 1967இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி ஆட்சியில் 'கெரோ' போராட்டம் பரவியது. மேனேஜரை அறையிலேயே மணிக்கணக்கில் முற்றுகையிடுவது அதன் முறை. போலீஸ் தலையீட்டைக் கட்டுப்படுத்திய அரசு உத்தரவை அதே ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் பயம் போகவில்லை. 1970இல் மேனேஜிங் ஏஜென்சி முறையே சட்டப்படி ஒழிந்தது.

பிறகு மெல்ல மூட்டை கட்டல் தொடங்கியது. தேயிலையில் கொடிகட்டிப் பறந்த ப்ரூக் பாண்ட், லிப்டனுடன் சேர்ந்து, கடைசியில் 1996இல் பம்பாயின் இந்துஸ்தான் லீவரில் கரைந்தது. 1892இல் கல்கத்தாவில் பிறந்த பிரிட்டானியாவின் பதிவு அலுவலகம் இன்றும் ஹங்கர்ஃபோர்டு தெருவில்தான். நிர்வாகம் நடப்பதோ பெங்களூரில். 2024 ஜூனில் தாரதலா ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்கள் அனைவரும் விருப்ப ஓய்வை ஏற்றுக்கொண்டார்கள்.

தலைமை அலுவலகம் போனால் போவது ஒரு போர்டு மட்டுமல்ல. ஆடிட்டர், வக்கீல், விளம்பர ஏஜென்சி, அச்சகம், மதியச் சாப்பாட்டுக் கடை என ஒரு கூட்டமே பின்னால் போகிறது. ஆலை இங்கேயே இருந்தாலும், அதை மூடுவதா விரிவாக்குவதா என்று தீர்மானிப்பவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்.

ஒரு காலத்தில் கிளைவ் தெருவுக்கு உத்தரவு போட்ட லண்டனுக்கே பிறகு இந்தச் சோதனை வந்தது. 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய யூனியனிலிருந்து விலக பிரிட்டன் வாக்களித்தது. பானசோனிக் தன் ஐரோப்பியத் தலைமையகத்தை ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றியது. சோனியும் நெதர்லாந்தில் பதிவு செய்துகொண்டது. பிரெக்சிட்டை உரக்க ஆதரித்த ஜேம்ஸ் டைசனே 2019 ஜனவரியில் தன் கம்பெனியின் தலைமையகம் சிங்கப்பூர் போவதாக அறிவித்தார். காரணம் பிரெக்சிட் அல்ல, ஆசியச் சந்தை என்றது கம்பெனி. யார் நம்பினார்கள் என்பது வேறு விஷயம். கொல்கத்தாக்காரர்களுக்குப் பழகிய பேச்சு இது. 'நிர்வாக வசதி' என்ற சொல்லை அவர்கள் பல முறை கேட்டிருக்கிறார்கள்.

அரசியல்வாதிகளும் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1994இல் ஜோதிபாசு அரசே புதிய தொழில் கொள்கையுடன் தனியார் முதலீட்டை வரவேற்றது. ஆனால் 2008 அக்டோபரில், நிலப் போராட்டத்தின் நடுவே, டாடா நானோ சிங்கூரை விட்டு குஜராத்தின் சானந்துக்குக் கிளம்பியது. நிலம் கையகப்படுத்தியது செல்லாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் விவசாயிகளின் குறைக்கும் நியாயம் இருந்தது தெரிந்தது. 2023இல் நடுவர் மன்றமோ டாடாவுக்கு 765.78 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆலையும் இல்லை, செலவும் மிச்சமில்லை.

2011 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை 6,688 கம்பெனிகள் பதிவு அலுவலகத்தை மேற்கு வங்கத்திலிருந்து மாற்றிக்கொண்டதாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. அவற்றில் பங்குச் சந்தையில் உள்ளவை 110. பதிவை மாற்றினால் ஆலையும் போய்விட்டதாக அர்த்தமில்லை என்பதும் உண்மை. ஐ.டி.சி. சௌரங்கியின் வர்ஜீனியா ஹவுஸை விட்டு நகரவில்லை. கோல் இந்தியா, எக்சைடு, பெர்ஜர் பெயின்ட்ஸ் இங்கேதான் இருக்கின்றன. 2015இல் பிறந்த பந்தன் வங்கியும் இந்த ஊரையே தலைமையிடமாகக் கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், மாநில அரசின் தலைமை அலுவலகமே 2013இல் ரைட்டர்ஸ் பில்டிங்கை விட்டு, பழுதுபார்ப்பைக் காரணம் காட்டி, ஹூக்ளிக்கு அக்கரையில் உள்ள நபன்னாவுக்குப் போய்விட்டது!

லேக் மார்க்கெட்டில் காபி மணம் இன்னும் இருக்கிறது. வாங்க வருபவர்களில் வயதானவர்கள் அதிகம். பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் பெங்களூர், புனே, சிங்கப்பூர் என்று பதில் வரும். அப்பாக்கள் வேலை தேடி வந்த ஊரிலிருந்து பிள்ளைகள் வேலை தேடிப் போயிருக்கிறார்கள், தலைமை அலுவலகங்கள் போன அதே வழியில்.